உலக்கைப் பாட்டு

வெரோனா சர்ச்சுக்குள் கால் வைத்ததுமே அத்தனை தொப்பிகளும் திரும்பின. திரும்பாதா பின்னே? தீவின் தலைநகர் கிங்ஸ்டனிலிருந்து போர்ட் மரியா வரை பஸ்ஸுக்கு பஸ் அலறும் ‘உலக்கைப் பாட்டு’ அவளுடையது. அதில் இடிபடுவது மாவு இல்லை என்பது ஊருக்கே தெரியும். ரெகே இசை மேடையில் அவள் இடுப்பை ஒரு சுழற்று சுழற்றினால் ஆண்கள் விசிலடிப்பார்கள். பெண்கள் அதைவிடச் சத்தமாக அடிப்பார்கள்.

தண்டனை மட்டும் அம்மா ஐசில்டாவுக்கு. காலங்காலமாகப் பாடகர் குழுவின் முன்வரிசையில் நின்ற சிஸ்டர் ஐசில்டாவைப் பிஷப் பின்பெஞ்சுக்கு அனுப்பிவிட்டார். வழிதவறியவர்களுக்கு அங்கேதான் இடம். பாடக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. பாட்டு வந்த வாரமே மகளை வீட்டைவிட்டுத் துரத்தி, இன்றுவரை வாசலை மிதிக்க விடாமல் இருந்தும் மன்னிப்பில்லை.

வெரோனாவை அரித்தது வேறு. அந்த மெட்டு அம்மாவுடையது. துணி துவைக்கும்போதெல்லாம் அம்மா வாய்க்குள் முனகுவாள். ஏதோ பழைய துதிப்பாட்டு என்று நினைத்துத்தான் மகள் அதன்மேல் உலக்கையை ஏற்றினாள். சாமி பாட்டையே சாக்கடையில் போட்டுவிட்டேனே, பாவி! இனிப் பாடவே மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சத்தியம் செய்து, அம்மாவின் இடத்தை மீட்டுக் கொடுக்கத்தான் வந்திருந்தாள்.

“யாராவது சாட்சி சொல்லணுமா?” என்றார் பிஷப்.

வெரோனா எழுந்தாள். “எங்க மம்மாவோட துதிப்பாட்டை அசிங்கமாக்கினது நான்தான், பிஷப். இனிமே சத்தியமா...”

“உட்காருடி!”

குரல் பின்பெஞ்சிலிருந்து வந்தது. ஐசில்டா எழுந்து நின்றிருந்தாள்.

“துதிப்பாட்டாம், துதிப்பாட்டு! ஞானஸ்நானம் வாங்குறதுக்கு முன்னாடி, மாண்டேகோ பே ஹோட்டல்ல, குட்டைப் பாவாடையோட நான் பாடின பாட்டு அது. விலாங்கு மீனைப் பத்தி. இவ உலக்கை எல்லாம் அதுக்கு முன்னால பச்சப்புள்ள சமாச்சாரம்!”

வெரோனா வெடுக்கென்று திரும்பினாள். மம்மாவா? குட்டைப் பாவாடையா? வீசிக்கொண்டிருந்த கைவிசிறிகள் அப்படியே நின்றன. டிரம் வாசிப்பவர் கையிலிருந்து குச்சி நழுவி உருண்டது. “ஐயோ, இயேசுவே!” என்று யாரோ அலறினார்கள்.

“ரேடியோல அந்த மெட்டைக் கேட்டதும் எனக்கு ஈரக்குலை நடுங்கிருச்சு. என் குட்டு உடைஞ்சிருமோன்னு பயந்து, பெத்த புள்ளையத் தெருவுல தள்ளினேன். எனக்கு இந்த பெஞ்சு சரிதான், பிஷப். ஆனா அது அவ பாட்டுக்காக இல்ல. அவ பாடட்டும்.”

பிஷப் பைபிளை மூடினார். வேறு வழி தெரியாமல், “ஜெபம் பண்ணுவோம்” என்றார்.

வெரோனா நடந்து போய்ப் பின்பெஞ்சில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

“மம்மா, அந்த விலாங்குப் பாட்டு முழுசா ஞாபகம் இருக்கா?”

“வாய மூடு. ஜெபம் நடக்குது.” ஐசில்டா கண்ணைத் திறக்கவில்லை. “தேங்காப்பால் விட்டுச் சோறு ஆக்கி வச்சிருக்கேன். வீட்டுக்கு வா, சொல்றேன்.”