ஆதம்பாவா முதலாளி எறிந்த பணிஸ்

அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்து பேக்கரிக்கு வந்ததும் ஆதம்பாவா முதலாளி முதலில் செய்யும் வேலை ஒன்றுதான். முந்திய நாள் விற்காத சீனிப் பணிஸ் என்னும் இனிப்பு ரொட்டிகளை, போறணை அடுப்பிலிருந்து பாண் எடுக்கும் நீண்ட தடியின் பலகையில் வைத்து, பின்வேலிக்கு அப்பால் கவிழ்ப்பார். அங்கே வீமன் காத்திருக்கும். அது பாண்டிருப்பு நேசம்மாவின் நாய். கடற்கரையில் அவள் காயப்போடும் கருவாட்டுக்கு அதுவே காவல். நாயின் எச்சில் பட்டால் மார்க்கப்படி ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கரைத்துக் கழுவவேண்டும் என்பதால் முதலாளி அதன் அருகே போனதில்லை. தூர நின்று இட்டாலும் நன்மை நன்மைதான் என்று மனநிறைவோடு இருந்தார்.

ஊரைப் புரட்டிப்போட்ட சூறாவளிக்கு அடுத்த வருடம் ஒரு காலை, வீமன் பணிஸை முகர்ந்துவிட்டுத் தின்னாமல் நின்றது. எச்சில் நூலாய் வடிந்தது. நாக்கில் நுரைபோல வெள்ளை.

"விசர் நாய்! புள்ளைகள உள்ள எடுங்க!" என்று பேக்கரிப் பக்கமிருந்து ஒரு குரல் எழுந்தது.

வெறிநாய் என்று நம்பி, பாண் வாங்க வந்தவர்கள் விறகுக்கட்டைகளோடு பாய்ந்தார்கள். வீமன் ஓடவில்லை, பணிஸ் வரும் திசையையே பார்த்து நின்றது. முன்கால் முறிந்த பிறகுதான் கத்தியது. அதற்குள் நேசம்மா ஓடிவந்து அதன்மேல் விழுந்து மறைத்துக்கொண்டாள். யாரோ மிருக வைத்தியர் கனகரெத்தினத்தை அழைத்துவந்தார்.

"எவ்வளவு காலமா இப்பிடி?" என்று அவர் நேசம்மாவிடம் கேட்டார்.

"ரெண்டு மாசமா வாய் நாத்தம் ஐயா. மெல்லவும் ஏலாது."

கையுறை மாட்டி, டோர்ச் அடித்துப் பார்த்தார். "விசர் எண்டா எப்பவோ செத்திருக்கும். பல் சொத்தை, பல் முரசில புண். அதுக்கு மேல மதுவம் எண்ட பூஞ்சணம் படர்ந்திருக்கு," என்றவர் முதலாளியை மரியாதையாக விளித்தார். "காக்கா, உங்கட மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட்டுக்கு இது சொந்தக்காரன். நாய்ர வாயில கொஞ்சமா இருக்கிறதுதான். புண்ணும் இனிப்பும் கண்டா பெருகிரும். ஆரு இதுக்கு இனிப்புப் போடுற?"

"முதலாளிதான் ஐயா," என்றாள் நேசம்மா நன்றியோடு. "ஒரு நாளும் தவறினதில்ல. எனக்கே சோறில்லாத நேரத்திலயும் இதப் பட்டினி போடாத மனுசன்."

"அப்ப காக்கா வளர்த்த விசர்தான்!" என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.

முதலாளி தலை குனிந்தார். ஈஸ்ட்டோடு காலம் தள்ளியவர். ஒருநாளாவது கிட்டப் போய் அந்த வாயைப் பார்த்ததில்லை.

"விசர் நாய் எண்டு கத்தினது நான்தான், நேசம்மா."

"தெரியும் முதலாளி. உங்கட குரல் எனக்குத் தெரியாதா?"

தெரிந்துகொண்டே புகழ்ந்திருக்கிறாள். அதைவிட அவள் ஏசியிருக்கலாம்.

வைத்தியர் சொத்தைப் பல்லைப் பிடுங்கி, காலுக்குக் கட்டுப்போட்டு, நாள்தோறும் வாயில் பூசும்படி ஊதா மருந்தைக் கொடுத்தார். மறுநாள் சுபஹுக்குப் பின் முதலாளி வேலியைச் சுற்றி நடந்து நேசம்மாவின் முற்றத்துக்குப் போனார். அவள் வீமனைப் பிடித்துக்கொள்ள, கையாலேயே அதன் தாடையைத் திறந்து மருந்து பூசினார். பிறகு கிணற்றடியில் மண் கரைத்து, எண்ணி ஏழு முறை கழுவினார்.

வெயில் ஏறியதும், பாண் எடுக்கும் தடியோடு கடற்கரையில் உட்கார்ந்து நேசம்மாவின் கருவாட்டில் காகம் விரட்டினார்.

"என்ன முதலாளி, பாண விட்டுட்டுக் கருவாடா?" என்று வலை இழுத்தவர்கள் கேட்டார்கள்.

"ஓம். காவல்காரன்ட கால் சுகமாகுமட்டும்," என்றார்.