மூன்றாம் தொட்டி மட்டிகள்

பதினெட்டு நாள் வரவேண்டிய கரியமில வாயு சிலிண்டர் இந்தமுறையும் பத்தே நாளில் காலி. கடைக்காரன்தான் குறைத்து அடைக்கிறான் என்று டெபோரா இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். இந்தமுறை எடை போட்டு வாங்கியிருந்தாள். குழாய் முழுக்க சோப்பு நுரை தடவிப் பார்த்தாள். எங்கேயும் கசியவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் பின்பக்க ஆய்வகம் அது. புன்னைக்காயலில், தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்தில் அள்ளிவந்த மட்டிச் சிப்பிகளை மூன்று பெரிய தொட்டிகளில் வளர்த்தாள். இரண்டில் சாதாரணக் கடல்நீர். மூன்றாவதில், காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்து இன்னும் எண்பது வருஷத்தில் கடல் எவ்வளவு புளிக்குமோ அவ்வளவு புளிப்பு. புளிப்பு குறைந்தால் அதை அளக்கிற மீட்டர் தானே சிலிண்டர் வாயுவைத் திறந்துவிடும். அந்தத் தண்ணீரில் மட்டியின் ஓடு மெலிய வேண்டும். ஆனால் ஆறு மாதமாக அவை ஜம்மென்று ஓடு கட்டின. புளிப்புக்குப் பழகிவிட்டன என்று அறிக்கையும் எழுதிவிட்டாள். திங்கட்கிழமை ஆராய்ச்சிக் குழு முன்னால் வாசிக்க வேண்டும். வழிகாட்டிப் பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நாலு பேரிடம் சொல்லியும்விட்டார்.

"கேஸ் எங்கன போவுது அண்ணாச்சி? நீங்க குடிக்கியளா?"

ஆய்வக உதவியாளர் ஞானசம்பந்தன் சிரிக்கவில்லை. களக்காட்டில் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீனும் வளர்க்கிறவர் அவர். தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது அவர் வேலை.

"ஒண்ணு சொன்னா வைய மாட்டியளே?"

"சொல்லுங்க."

"மூணாவது தொட்டித் தண்ணி புளிப்புன்னு நீங்கதான சொன்னிய. கொளத்துல தண்ணி புளிச்சா சுண்ணாம்பு போடுவோம்லா. இல்லன்னா குஞ்சு பூரா மெதந்துரும். அதான், சனிக்கிழமை தண்ணி மாத்தும்போது ஒரு பிடி..."

"எப்பத்துல இருந்து?"

"மொதல்ல இருந்தே. வாயில்லாச் சீவன்லாம்மா."

டெபோரா மூன்றாம் தொட்டியின் மீட்டரைப் பார்த்தாள். சுண்ணாம்பு புளிப்பை முறித்திருக்கிறது. மீட்டர் மேலும் மேலும் வாயுவைத் திறந்து ஈடுகட்டியிருக்கிறது. மீட்டர் காட்டிய எண் மட்டும் மாறவில்லை. அவள் அந்த எண்ணைத் தவிர வேறெதையும் சோதிக்கவில்லை. ஓடு கட்டுகிற சரக்கு தண்ணீரிலேயே கிடந்திருக்கிறது. மட்டி எதற்கும் பழகவில்லை.

"நான் வாயத் தொறக்க மாட்டேம்மா. இன்னையோட நிறுத்திருதேன். யாருக்குத் தெரியப்போவுது?"

உண்மைதான், யாருக்கும் தெரியாது. அவள் தராசை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அந்தச் சுண்ணாம்ப ஒரு பிடி அள்ளி வைங்க."

நாற்பத்தொரு கிராம். அடுத்தது முப்பத்தெட்டு. பத்துப் பிடி அள்ளவைத்து, வாரம் எவ்வளவு விழுந்தது என்று அறிக்கையில் சேர்க்க எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

"எம் பேரு வருமாம்மா?"

"வராது. நான் சோதிக்காம விட்டதுதான் வரும்."

பேராசிரியரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். "நாலு பேரு கிட்ட சொல்லிட்டனே, பிள்ளே" என்றார் அவர். "சரி, திங்கக்கிழமை நீயே சொல்லிரு. மறுபடி ஆரம்பி."

மத்தியானத்துக்குள் மூன்றாம் தொட்டியில் புதுக் கடல்நீர் நிரம்பியது. ஞானசம்பந்தன் மட்டிகளை ஒவ்வொன்றாகப் பைய இறக்கினார்.

"இனி சுண்ணாம்பும் இல்ல. இதுக தாங்குமா?"

"அதத்தான் அண்ணாச்சி, ஆறு மாசமா பாத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன்" என்று சொல்லிப் புதுச் சிலிண்டரைத் திறந்தாள்.