சும்மா கிடக்குது

...அந்த நிலத்துக்கு மதிப்பெண் பத்துக்குப் பத்து, அதுவும் தன் கையால், நீல மையில், வாலைச் சுழித்துப் போட்ட பத்து, எதிர் நாற்காலியில் மேலாளர் போனில் "இன்னைக்கே வந்துடும் சார், ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி" என்று சிரித்துக்கொண்டிருந்தார், அந்த ஒரே ஒரு கையெழுத்து அவளுடையது, பேனா மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் ஆகிறது, மை காய்ந்திருக்குமோ, காய்ந்தால் நல்லதுதானோ... காலையில் டிரைவர் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பாள். "எந்த இடம் மேடம் முடிவாச்சு? நடுவுல மட்டும் வழுக்கையா இருந்துச்சே, அந்த அறுபது ஏக்கரா? அது சும்மா கிடக்கலைங்க. ஆறப்போட்டிருக்காங்க. ரெண்டு வருஷம் மக்காச்சோளம், ஒரு வருஷம் நிலத்துக்கு ஓய்வு. ஓய்வு குடுக்கலைன்னா அடுத்த வருஷம் கதிர் பல்லைக் காட்டிடும்." இடம் பார்க்கப் போன அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று சீறினாள். "நீங்க கேக்கலையே மேடம்." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் வண்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

கேட்கவில்லையா, யார் சொன்னது, அந்த நிலத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் கேட்டுத்தானே எழுதினாள்... ஸ்டார்ச் ஆலைக்கு மூன்று இடங்கள், ஆற்றோரம், ரயிலடி, இந்த மேட்டு நிலம், ஆற்றோரத்தில் தண்ணீர் உண்டு, ஆனால் முழுக்க நெல்வயல், கை வைக்க முடியாது, ரயிலடியில் சாலை உண்டு, மின்சாரம் உண்டு, தண்ணீர் சொட்டுக்கூட இல்லை, மேட்டு நிலத்தில்தான் எல்லாம் பொருந்தி வந்தது, சுற்றிலும் மக்காச்சோளம், மூலப்பொருளுக்கு ஒன்பது மதிப்பெண், வேலைக்கு ஆள் எட்டு, கடைசிக் கட்டம், 'நிலம் இப்போது எப்படி இருக்கிறது', நஞ்சை, புஞ்சை, தோட்டம், மேய்ச்சல், பயன்பாட்டில் இல்லை, இவ்வளவுதான் படிவத்தில், ஓய்வில் இருக்கிறது என்று ஒரு கட்டம் எவன் போட்டான்? வரப்பில் நின்றிருந்த அந்த அம்மாவிடம் "இங்க என்னம்மா போடுறீங்க?" என்றாள். "இப்பவா? சும்மா கிடக்குதும்மா." என்ன வெயில் அன்று, தொண்டை வறண்டு, 'பயன்பாட்டில் இல்லை'க்கு நேராக டிக் அடித்து, பத்து போட்டு, வண்டியில் ஏறியாகிவிட்டது. அந்த அம்மா குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து விரலால் உதிர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. சும்மா கிடக்கிற நிலத்தை யாராவது அப்படித் தொட்டுப் பார்ப்பார்களா? அடுத்த வருடம் இங்கே சோளம் நிற்கும், பக்கத்து நிலம் ஆறிக்கொண்டிருக்கும், சோளத்தை நம்பி வருகிற ஆலை சோளம் விளைகிற மடியிலேயே உட்காரப் போகிறது, அந்த மண்ணை நம்பிப் பதினோரு குடும்பம், இதற்கு மூலப்பொருளில் ஒன்பதாம்... தூ.

ஆனால் சொன்னால்? ஆறு வார வேலை குப்பையில், தனியாகச் செய்த முதல் அறிக்கை, "மூணு வருஷம் இடைவெளி விட்டவங்களை எடுக்காதீங்கன்னு அப்பவே சொன்னேன்" என்று பக்கத்து மேசைக்காரர் காதில் விழும்படி சொல்வார், சொல்லட்டும் என்று விட முடிகிறதா... அந்த மூன்று வருடம்! ஏழாம் மாதத்திலேயே பிறந்த மகள், முழங்கை நீளம்தான், இரண்டு மணிக்கொரு தடவை சொட்டு சொட்டாகப் பால், மூச்சு வருகிறதா என்று மார்பில் காதை வைத்து வைத்து... நேர்காணலில் இதே மேலாளர் கேட்டார், "நடுவுல மூணு வருஷம் என்ன பண்ணீங்க?" அவள் என்ன சொன்னாள்? கூசாமல் சொன்னாளே, "வீட்டுல சும்மாதான் சார் இருந்தேன்." அவரும் எதையோ எழுதிக்கொண்டார். எந்தக் கட்டத்தில் டிக் அடித்திருப்பார்?

போன் வைக்கும் சத்தம். மேலாளர் தொண்டையைக் கனைத்தார், அலுவலகத்தில் அவருக்குக் 'கனைப்பு' என்றே பெயர், கனைத்தால் ஒன்று வேலை வரும், இல்லை வினை வரும். "என்னம்மா, பேனாவைப் பிடிச்சுக்கிட்டு என்ன யோசனை?"

"சும்மா சார்."

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. அதே சொல், அதே இழுப்பு... முழுப் பதில் சொன்னால் நீளும், கேட்கிறவர் பேனா ஏற்கெனவே காகிதத்தைத் தொட்டுவிட்டது, அந்த நேரத்தில் வாயில் வருகிற சொல், அந்த அம்மாவும் இப்படித்தான் சொல்லியிருப்பாளோ, இன்னொரு கேள்வி வரும் என்று மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாளோ...

"அப்ப போடுங்க" என்று அவர் கடைசிப் பக்கத்தைத் தள்ளினார், கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொரு கேள்வி கேட்கிற முகமாக இல்லை.

"சார், இப்ப சும்மான்னு சொன்னேன் இல்ல..." என்று ஆரம்பித்தாள், பேனா முனை கையெழுத்துக் கட்டத்துக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது, அவர் மறுபடி கனைக்க வாயைத் திறந்தார்.