நேற்றைவிட

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ஆட்களை விடுவதில்லை. கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கிடக்கலாம், அவ்வளவுதான். ஆங்கில வாத்தியார் அப்படித்தான் கிடந்தார். உள்ளே, ஆபரேஷன் முடிந்த அவர் மனைவி கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாகப் படுத்திருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்ட நர்ஸ், மனம் கேட்காமல், தன் போனிலிருந்து தினமும் ஒரு செய்தி அனுப்புவாள். அன்றைக்கும் வந்தது: 'அம்மா டுடே மோர் பெட்டர் தேன் யெஸ்டர்டே. டூ ஹேப்பி வென் ஐ டெல் யுவர் நேம்.'

வாத்தியார் ஆயுசு முழுக்க மல்லுக்கட்டிய தப்புகள் இவை. 'பெட்டர்' என்றாலே கூடுதல் வந்துவிட்டது, அதன் தலையில் இன்னொரு 'மோர்' எதற்கு? 'டூ' என்றால் அளவுக்கு மீறியது. சந்தோஷம் எங்கே அளவு மீறுகிறது? வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையைக்கூட விடமாட்டார். "என்னையாவது திருத்தாம விட்டு வைங்க" என்று மனைவி சிரிப்பாள்.

கை சும்மா இருக்குமா? 'மச் பெட்டர்', 'வெரி ஹேப்பி' என்று திருத்தி, விளக்கமும் எழுதி, நர்ஸின் செய்தியோடு சேர்த்து ஆஸ்பத்திரி அலுவலக எண்ணுக்கே அனுப்பினார். நர்ஸுகளுக்கு இலவசமாக வகுப்பெடுக்கத் தயார் என்றும் சேர்த்துக்கொண்டார். கும்பிட்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர ஏதோ ஒன்று செய்த நிம்மதி அவருக்கு.

மறுநாள் காலையில் அலுவலகத்திலிருந்து அச்சடித்த மாதிரி வந்தது: 'கண்டிஷன் ஸ்டேபிள்.' அடுத்த நாளும் அதேதான். தப்பே இல்லை, ஆனால் ஒரு மண்ணும் தெரியவில்லை. வலிக்கிறதா, தண்ணீர் கேட்டாளா, பேசினாளா?

ஷிப்ட் மாறும் நேரத்தில் லிஃப்ட் அருகே நர்ஸைப் பிடித்தார்.

"ஏம்மா, அவ எப்படி இருக்கா?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். "ஆபீஸ்ல கேளுங்க சார். சொந்த போன்ல மெசேஜ் அனுப்பக் கூடாதுன்னு ரூல். நீங்க அனுப்பினதைக் காட்டித்தான் என்னைக் கூப்பிட்டுத் திட்டினாங்க. இனிமே வாயைத் திறந்தா வேலை போயிடும்."

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. வாத்தியார் நாற்காலிக்கே திரும்பினார். பழைய செய்தியை எடுத்துப் படித்தார். இரண்டு தப்புகளைத் தாண்டி அப்போதுதான் மிச்ச வார்த்தைகள் கண்ணில் பட்டன. அவர் பெயரைச் சொன்னதும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லையாம். எழுத்துகள் கலங்கிப்போயின.

வெட்கத்தை விட்டு நர்ஸுக்கே தட்டினார்: 'மை வைஃப் டுடே மோர் பெட்டர்?'

அனுப்பியது தவறு என்று தெரியும். அவள் வேலைக்கு ஆபத்து என்றும் தெரியும். திரும்ப எடுக்கக் கை வரவில்லை.

செய்திக்கு அருகே இரண்டு டிக்குகளும் நீலமாயின; அவள் பார்த்துவிட்டாள். 'டைப்பிங்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்து, மறுபடி நின்றது. எத்தனை தப்போடு வேண்டுமானாலும் வரட்டும் என்று, அணைந்துவிடாதபடி திரையைக் கட்டைவிரலால் தொட்டுக்கொண்டே இருந்தார்.