ஆவுடையப்ப பிள்ளை தண்ணீர் குடிக்கும் காட்சி

இப்போதெல்லாம் சனங்களுக்கு எதற்குச் சிரிப்பது என்று ஒரு வரைமுறை கிடையாது. கல்யாண வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருக்கிறார்கள். எழவு வீட்டில் பல்லைக் காட்டுகிறார்கள். ஏன் என்று கேட்டால், காலம் மாறிப்போச்சு பெரியவரே என்கிறார்கள். என்ன மாறிற்று என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆவுடையப்ப பிள்ளை செத்ததும் அவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கவில்லை. டாக்கீஸுக்குத் தூக்கினார்கள். இப்போது அப்படித்தான். பெரிய இடத்து ஆட்கள் செத்தால் முதலில் படமாக ஓட்டுகிறார்கள். ஊர் வந்து பார்த்து, சிரித்துவிட்டுப் போகிறது. கூட்டம் குறைந்த பிறகுதான் எரிக்கிறார்கள்.

பிள்ளையின் படம் சிரிப்புப் படம். அரிசி மில் முதலாளி ஒருவருக்கும், அந்த மில்லில் மூட்டை தூக்கிய காலனிக்காரன் ஒருவனுக்கும் சிநேகிதம். அதுதான் கதை. அந்தக் காலனிக்காரன் மாடக்கண்ணு.

மாடக்கண்ணுவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவரொட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். எழுத்து அவருக்கு அவ்வளவாக ஓடாது. படத்தைப் பார்த்தார். குடிசை வாசலில் நின்று பிள்ளை டம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவன் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மாடக்கண்ணு சுவரொட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிள்ளை அவர் வீட்டில் தண்ணீர் குடித்ததே இல்லை.

சிநேகிதம் பொய்யில்லை. அதில் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளை சைக்கிளை மிதித்துக்கொண்டு காலனிக்கு வருவார். வாசலில் கரியால் கோடு போட்டு இருவரும் ஆடுபுலி ஆடுவார்கள். புலி எப்போதும் பிள்ளைதான். ஆட்டை வெட்டும்போதெல்லாம் மாடக்கண்ணுவின் தோளில் ஓங்கி அடிப்பார். தோளில் அடிக்கலாம். அதற்குத் தீட்டு இல்லை. தண்ணீருக்குத்தான் தீட்டு. சோடாவுக்கும் இல்லை. பாட்டில் கழுத்தில் குண்டு அடைத்திருக்கிறது, உள்ளே யார் கையும் படவில்லை. ஆகவே மாடக்கண்ணு முக்குக்கடைக்குப் போய்ச் சோடா வாங்கி வருவார். பிள்ளை அண்ணாந்து குடித்துவிட்டு ஏப்பம் விடுவார்.

மாடக்கண்ணுவின் மனைவி பூமயில் ஒவ்வொரு வெள்ளியும் பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்து, ஆற்றுத் தண்ணீர் நிரப்பி, பிள்ளையின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைப்பாள். பிள்ளை எட்டிப் பார்ப்பார். "சோடா போதும் தாயி" என்பார். பூமயில் செம்பை உள்ளே எடுத்துப் போவாள். அடுத்த வெள்ளி மறுபடியும் தேய்ப்பாள்.

தேய்த்துத் தேய்த்து அவள் செத்துப்போனாள். செத்தபிறகு செம்பாக ஆகிவிட்டாள். மாடக்கண்ணுவுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வேறு எதுவாக ஆகியிருப்பாள்? உயிரோடு இருக்கும்போதே காது மந்தம். செம்பான பிறகும் மந்தம்தான்.

எரிப்பதற்கு முன்னால் பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டால் போதும் என்று மாடக்கண்ணு நினைத்தார். பூமயிலில் ஆற்றுத் தண்ணீரை நிரப்பி, துண்டால் வாயைக் கட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டு டாக்கீஸுக்குப் போனார்.

வாசலில் பிள்ளையின் மகன் பரமநாதன் கைகூப்பி நின்றான். முன்பெல்லாம் "ஏ மாடக்கண்ணு" என்பான். படம் எடுத்ததிலிருந்து வேறு மாதிரி.

"வாங்க அங்கிள்."

"அப்பாவப் பாக்கணும்."

"உள்ளதான் ஓடிட்டிருக்காங்க. ஆனா உங்களுக்கு சீட்டு கெடையாது அங்கிள். நீங்க படத்துல இருக்கீங்கல்லா. படத்துல இருக்கவங்க எப்படி உக்காந்து பாப்பாங்க?"

"நான் நிக்கேன்."

"இடுப்புல என்னது?"

"பூமயிலு."

"ஆன்ட்டியா?" பரமநாதன் செம்பைப் பார்த்துக் கும்பிட்டான். "ஆன்ட்டி வர்ற சீன் கொஞ்சம் நீளமா இருந்துச்சு. எடுத்துட்டோம். தப்பா நெனைக்காதீங்க."

மாடக்கண்ணு உள்ளே போனார். நாற்காலிகளுக்கு நடுவே நடைபாதை இருந்தது. நடக்க நடக்க அது நீண்டது. காலனியிலிருந்து மேலத்தெருவுக்குப் போகிற தூரம் வந்தபிறகும் திரை கிட்டே வரவில்லை. இருபக்கமும் சனங்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பழக்க தோஷத்தில் மாடக்கண்ணு செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பாதை உடனே குறைந்தது. திரை முன்னால் நின்றது.

திரையில் பிள்ளையாகப் பிள்ளையே நடித்துக்கொண்டிருந்தார். செத்தவருக்கு வேறு வேலை இல்லை. மாடக்கண்ணுவாக நடித்தவன் ஒரு சிவத்த பையன். கரியைப் பூசியிருந்தான். மூட்டையோடு விழுந்தான். எழுந்தான். மறுபடி விழுந்தான். விழும்போதெல்லாம் ஊர் சிரித்தது. மாடக்கண்ணு மூட்டையோடு விழுந்தது ஒரே தடவைதான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைதான் ஓடிவந்து தூக்கினார். அது படத்தில் இல்லை.

பிறகு அந்தக் காட்சி வந்தது. குடிசை. வாசல். சிவத்த பையன் ஒரு எவர்சில்வர் டம்ளரை நீட்டினான். பிள்ளை வாங்கினார். ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். மடக் மடக்கென்று குடித்தார். கடைசியில் கண்ணைச் சிமிட்டினார். டாக்கீஸே அதிர்ந்தது. சிரிக்கிறார்களா கைதட்டுகிறார்களா என்று பிரிக்க முடியவில்லை.

"எங்க வீட்டுல எவர்சில்வர் டம்ளரே கெடையாது" என்றார் மாடக்கண்ணு.

அதற்கும் சிரித்தார்கள்.

பிள்ளை திரையிலிருந்து குனிந்து பார்த்தார். "என்னல மாடா, வந்துட்டியா?"

"வந்துட்டேன் மொதலாளி."

"இது யாரு, பூமயிலா? ரொம்பத் தேஞ்சு போயிட்டாளே."

"ஆமா." மாடக்கண்ணு துண்டை அவிழ்த்தார். "ஒரு வாய் குடிங்க. அவ ஆசப்பட்டா."

டாக்கீஸ் அடங்கிற்று. காற்றாடி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளை தண்ணீரைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"ஆத்துத் தண்ணியா?"

"ஆமா."

"தாகமாத்தான்ல இருக்கு. செத்ததுல இருந்து ஒரே வசனமாப் பேசிட்டு இருக்கேன்."

"அப்பக் குடிங்க. இப்பத்தான படத்துல குடிச்சீங்க."

"அது வெறும் டம்ளருல. உள்ள ஒண்ணும் கெடையாது. தொண்டைய ஆட்டச் சொன்னாங்க, ஆட்டினேன்." பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் பாக்காங்கல்லா மாடா."

"எங்க வீட்டுல யாரு பாத்தா? நாம மூணு பேருதான இருந்தோம்."

பிள்ளை யோசித்தார். அவருக்குப் பின்னால் சிவத்த பையன் பாதி விழுந்த நிலையில், ஒற்றைக் காலில், காத்துக்கொண்டிருந்தான்.

"நான் பாத்துக்கிட்டு இருந்தேம்லா" என்றார் பிள்ளை.

மாடக்கண்ணு செம்பை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். தண்ணீர் சிந்தவில்லை. பிள்ளையின் கை திரையை விட்டு வெளியே வந்தது. விரலில் அந்தப் பச்சைக்கல் மோதிரம் இருந்தது. விரல் செம்பின் விளிம்பு வரைக்கும் வந்தது. பித்தளையில் அதன் நிழல் விழுந்தது. நிழல் தொட்டது.

விரல் நின்றது.

பிள்ளை மாடக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தார். பிள்ளையின் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. அதையும் மாடக்கண்ணு பார்த்தார்.

"சோடா இருக்கால?" என்றார் பிள்ளை.

படம் தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு சிரிப்பு எழும்பவில்லை. விசில் பறந்தது. ஒருவன் நாற்காலி மேல் ஏறி நின்று ஆடினான். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னா ஒரு சிநேகிதம்" என்றாள்.

மாடக்கண்ணு செம்பைத் துண்டால் மூடிக் கட்டினார். திரும்பி நடந்தார். வெளியே போகும்போது பாதை நீளவில்லை. இரண்டு எட்டில் வாசல் வந்துவிட்டது.

"எப்படி அங்கிள் படம்?" என்றான் பரமநாதன். "அப்பா உங்க மேல உசுரா இருந்தாங்க."

"இருந்திருப்பாரு" என்றார் மாடக்கண்ணு.

எதிரில் சோடாக்கடை. கடைக்காரர் குண்டைத் தட்டி, பாட்டிலை நீட்டியபடி நின்றார். நுரை பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

"பிள்ளைவாளுக்குத்தான? சீக்கிரம் கொண்டு போவும், கேஸ் போயிரும்."

மாடக்கண்ணுவின் கை தானாகவே நீண்டது. பாட்டிலின் குளிர்ச்சி விரலில் பட்டது. கையை இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்."

"வேண்டாமா? ஒடச்சிட்டேனே வே. யாரு குடிக்க?"

"நீரே குடியும்."

தெருவில் கொஞ்ச தூரம் போனதும் பூமயில் பேசினாள். "குடிச்சாரா?"

"சோடா கேட்டாரு."

"என்னது?"

"சோடா கேட்டாரு!" கத்த வேண்டியிருந்தது. டாக்கீஸுக்குள் அதற்கும் சிரித்தார்கள்.

செம்புக்குள் தண்ணீர் ஒருமுறை அசைந்தது.

"குடுத்தியளா?"

"இல்ல."

"குடுத்திருக்கலாம்லா. பாவம், தொண்ட வறண்டு போயிருக்கும். நல்ல மனுசன்."

பின்னால் டாக்கீஸ் கூரையிலிருந்து புகை கிளம்பியது. கூட்டம் குறைந்துவிட்டது போலிருக்கிறது. உள்ளே இத்தனை பேர் இருக்கிறார்கள், குறைந்தது தான் ஒருவர்தான் என்று அவருக்குத் தெரிந்தது. நிற்கவில்லை. செம்பை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்தபோது இருந்த கனம் அப்படியே இருந்தது.

"நல்ல மனுசனாம்" என்று முனகினார். செருப்பைக் கீழே போட்டு, காலில் மாட்டிக்கொண்டு நடந்தார்.