வட்டத்தில் சொன்னது

பொறியாளர் தேம்பி அழுததும் தீயணைப்பு அதிகாரி எழுந்துபோய் அவர் தோளில் கைவைத்தார். பள்ளித் தலைமையாசிரியை தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். தலைமை நர்ஸ் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மூன்று வருஷமாக இந்த அழுகைக்காகத்தான் காத்திருந்தாள். அதற்கு நடுவே ஒரு கை ஆறுதலாக வந்து விழும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

பல துறைத் தலைவர்களும் மாதம் ஒரு மாலை ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையில் கூடும் தோழமை வட்டம் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தாள். உண்மையில் அது இந்த ஒரு மனிதருக்காக விரித்த வலை. தனியாகக் கூப்பிட்டால் வரமாட்டார் என்பதால் வக்கீலைப் பிடித்தாள், பத்திரிகை ஆசிரியரைப் பிடித்தாள். படியேறிப் படியேறியே கால் தேய்ந்தது. மாதம் ஒருவர், வேலையில் தான் செய்த தப்பு ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். இங்கே பேசியது வெளியே போகக்கூடாது. இரண்டு விதிகளையும் எழுதியவள் அவளே. இரண்டாவது இல்லாமல் அவர் வாயைத் திறக்கமாட்டார். அவர் சொல்லி முடித்ததும் ஆசிரியரைப் பார்த்து 'எழுதுங்க' என்று சொல்லிவிடுவதாக இருந்தாள்.

ஆனால் நாளாக நாளாக அந்த வட்டம் நிஜமாகவே வேரூன்றிவிட்டது. தீயணைப்பு அதிகாரி சொல்லித்தான் ஆஸ்பத்திரியின் பின்படிக்கட்டை அடைத்துக் கிடந்த பழைய கட்டில்கள் அகன்றன. வக்கீல் தன் தப்பைச் சொன்ன மாதம் அவளே எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அதற்காக ஒரு வாரம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

இன்று பொறியாளரின் முறை. இருபது வருஷத்துக்கு முன், கட்டிக்கொண்டிருந்த சந்தைக் கட்டிடத்தில் கான்கிரீட் தளம் இறுகுவதற்குள் அதைத் தாங்கி நின்ற முட்டுகளைப் பிரிக்கச் சொன்னது தான்தான் என்றார். தளம் இறங்கி இரண்டு பேர் செத்தார்கள். விசாரணையில், மேஸ்திரி தன்னிஷ்டத்துக்குப் பிரித்துவிட்டான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம்.

"அவன் என்னையே பாத்துக்கிட்டு நின்னான். இப்ப உயிரோட இருக்கானான்னுகூடத் தெரியாது."

இருக்கிறார். மூன்று வருஷம் சிறையில் கழித்து, அதன்பின் எந்தக் கட்டிடத்திலும் வேலை கிடைக்காமல், மகள் வீட்டில் இருக்கிறார். தெருவில் சாரம் கட்டும் சத்தம் கேட்டால் எழுந்துபோய் சன்னலைச் சாத்திவிடுவார். அது நடந்தபோது மகள் வெளியூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரிக்கு மகள் ஒருத்தி உண்டு என்றே பொறியாளர் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்.

"சொல்லிட்டீங்கல்ல சார், பாரம் இறங்கிடுச்சு. இனிமே மனசுல வச்சுப் புழுங்காதீங்க," என்றார் தீயணைப்பு அதிகாரி.

இது இந்த அறையைத் தாண்டாது என்று வக்கீல் மெதுவாக நினைவூட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். பத்திரிகை ஆசிரியரும்தான், அவர் கண் கலங்கியிருந்தது. அவர் ஒரு எழுத்துகூட எழுதப்போவதில்லை என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. அப்பாவின் பாரம் அப்படியே கிடக்க, இவருக்கு இறங்கிவிட்டதாமே.

முகம் கழுவிக்கொண்டு வந்த பொறியாளர் பத்து வயது குறைந்தவர்போலத் தெரிந்தார். அவள் எழுந்து, அடுத்த மாதம் ஆளுக்கு ஒருவரை வீட்டிலிருந்து அழைத்து வரலாமே என்றாள். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

"நீங்க யாரக் கூட்டிட்டு வர்றீங்க சிஸ்டர்?" பொறியாளர்தான் கேட்டார்.

"எங்க அப்பாவ."

"நல்லதாப் போச்சு. பெரியவர எம் பக்கத்துல உக்கார வைங்க, நான் பாத்துக்கறேன்."

"அப்படித்தான் நெனச்சிருக்கேன்," என்றாள்.

வருவாரா என்று அப்பாவிடம் அவள் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரும் போன பிறகு, மூலையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து, பொறியாளரின் நாற்காலிக்கு நேரெதிரே, முழங்கால் இடிக்கும் தூரத்தில் போட்டுப் பார்த்தாள். தள்ளி நின்று பார்த்தாள். திரும்பி வந்து இன்னும் ஒரு சாண் நெருக்கிப் போட்டாள்.