சாப்பிட்டேன்மா

நெட்டையின் செல்போன் மாடிப்படியில் உருண்டு திரை நொறுங்கியது. பழுது பார்க்கும் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உயிர் இருக்குப்பா. முகம்தான் போச்சு," என்றார். புதுத் திரை வரும்வரை சார்ஜில் போட்டு வைப்பதாகச் சொன்னார். துக்கம் விசாரிக்கிற குரல்.

விடுதிக்குத் திரும்பியதிலிருந்து நெட்டையின் வலது தொடை அதிர்ந்துகொண்டே இருந்தது. கை தானாகப் போகும், பாக்கெட் காலி. குளிக்கும்போதும் அதிர்ந்தது. அப்போது பாக்கெட்டே இல்லை.

அறைத்தோழன் குண்டூசி அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"நேத்துல இருந்து நீ ஆன்லைன்லயே இல்லடா. குரூப்ல எல்லாரும் கேக்குறாங்க."

"இங்கதானடா உக்காந்திருக்கேன்."

"அது சரி. அவங்களுக்கு என்ன சொல்ல?"

மறுநாள் நெட்டைக்குச் சோறு இறங்கவில்லை. குண்டூசியின் போனைக் கெஞ்சி வாங்கினான். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணை அழுத்தினான்.

"அம்மா, நான்தான். போன் உடைஞ்சிருச்சு. ஃப்ரெண்டு போன்ல பேசுறேன்."

அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"இப்படித்தான் ஆரம்பிப்பீங்கன்னு சொந்தக்காரங்க குரூப்ல போட்டிருந்தாங்க. குரல்கூட அச்சு அசலா அப்படியே இருக்குமாம். அடுத்து பணம் கேப்ப, அதான?"

"பணம் வேணாம்மா. ரெண்டு நாள் வீட்டுக்கு வரட்டுமா? தூக்கமே வரல. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

"என் பையன் இப்பதான் மெசேஜ் போட்டான், சாப்பிட்டேன்மான்னு."

அம்மாவின் செய்திகளுக்குத் தானாகப் பதில் போகும்படி போன மாதம் நெட்டையே செய்துவைத்த ஏற்பாடு அது. சாப்பிட்டியா என்றால் 'சாப்பிட்டேன்மா'. வேறு எது கேட்டாலும் 'நல்லா இருக்கேன்மா'. பிள்ளை திருந்திவிட்டான் என்று அன்றிலிருந்து அம்மாவுக்கு ஏகப் பெருமை.

"அது நான் இல்லம்மா. போனே போடுது."

"இரு, அவன்கிட்டயே கேக்குறேன்."

அம்மா தட்டும் சத்தம் காதில் கேட்டது. தொடை அதிர்ந்தது.

"நல்லா இருக்கேன்மான்னு போட்டுட்டான்," என்றாள் அம்மா.

பேசுவது தான்தான் என்று காட்ட நெட்டை ஏதாவது சொல்ல வேண்டும்.

"அம்மா... உனக்கு முட்டி வலி எப்படி இருக்கு?"

"மாட்டிக்கிட்டியா. என் பையன் அதெல்லாம் கேக்க மாட்டான்."

இணைப்பு அறுந்தது. மறுபடி அடித்தான், மணியே போகவில்லை. அம்மா அந்த எண்ணைத் தடுத்துவிட்டிருந்தாள்.

குண்டூசி போனுக்குக் கையை நீட்டினான். "என்னடா சொன்னாங்க அம்மா?"

"நான் நல்லா இருக்கேனாம்," என்றான் நெட்டை.